உணவகத்தில் உண்ணும் நாளில் நீரிழிவு நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

"இனி வெளியில் சாப்பிடவே கூடாதா, டாக்டர்?" நீரிழிவு நோய் இருப்பது புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. சாப்பிடலாம் என்பதே எங்கள் பதில். பணி, பயணம், மருத்துவமனை வருகை, குடும்பத்தோடு வெளியே செல்லுதல் என உணவகத்தை நாட வேண்டிய நாட்கள் எல்லோருக்கும் உண்டு. ஆயினும், வீட்டில் நம் கையில் இருக்கும் மூன்று, உணவகத்தில் பிறர் கைக்குச் சென்றுவிடுகின்றன: உணவு வரும் நேரம், அதன் அளவு, அதில் சேரும் உப்பும் எண்ணெயும். இவற்றை இயன்றவரை நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வழிகளை இங்கே விளக்குகிறோம்.

மாத்திரையும் உணவு வரும் நேரமும்

உணவகத்தில் எதை உண்ணலாம் என்று பலரும் கேட்கிறார்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. உடனடி ஆபத்து இருப்பது இதில்தான்.

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. இவற்றை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பி, வழியில் நெரிசலில் சிக்கி, உணவகத்தில் மேசைக்காகவும் காத்திருந்தால், உணவு வருவதற்குள் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இது பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

எனவே, வெளியே உண்ணும் நாளில் மாத்திரையையும் ஊசியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை உணவு மேசைக்கு வந்த பிறகே போடுங்கள். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய இன்சுலினாக இருந்தாலும், உணவு வரும் நேரம் உறுதியாகத் தெரியாதபோது முன்கூட்டியே போட வேண்டாம். அன்று ஒரு வேளை சர்க்கரை சற்று உயர்ந்தாலும் பின்னர் சரிசெய்துகொள்ளலாம்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, காரணமற்ற எரிச்சல், பேச்சில் குழறல் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். முதியவர்களிடம் குழப்பமும் சோர்வும் மட்டுமே தென்படலாம். "பசி தாங்காமல் கோபப்படுகிறார்" என்று குடும்பத்தினர் இருந்துவிடக் கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் பரிசோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, பரிசோதிக்க வழியில்லை என்றாலோ, 3 தேக்கரண்டி சர்க்கரையை உடனே நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் அறிகுறிகள் நீடித்தால் அதே அளவு மீண்டும் கொடுங்கள். தெளிந்த பிறகு உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகளையும் சேர்த்து உட்கொள்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன் தராது. அது குடலில் செரிப்பதை அம்மாத்திரைகள் தாமதப்படுத்துகின்றன. அவர்கள் குளுக்கோஸ் தூளையே கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வரும் நாள்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த பிறகு அருகிலுள்ள உணவகத்துக்குச் சென்று உண்பது பலரது வழக்கம். ரத்தம் கொடுக்கும் முன்பு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட வேண்டாம். சிற்றுண்டி வந்ததும் வழக்கமான மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் உண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டும். நல்ல முடிவு வர வேண்டும் என்று அன்று மட்டும் ஒரே ஓர் இட்லியோடு எழுந்துவிடாதீர்கள். அந்த முடிவைப் பார்த்தே நாங்கள் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறோம். வழக்கமாக உண்பதை வழக்கமான அளவில் உண்டால்தான் சரியான அளவு கிடைக்கும்.

எதை, எவ்வளவு உண்பது?

சிற்றுண்டியில் இட்லி, இடியாப்பம் ஆகியவை ஆவியில் வெந்தவை என்பதால் எண்ணெய் குறைவு. ஆனால் அவையும் மாவுச்சத்தே. 2 அல்லது 3 இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெய் ரோஸ்ட், பூரி, பொங்கல் ஆகியவற்றில் எண்ணெயும் நெய்யும் மிகுதி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டுமே ஏறக்குறைய 120 கலோரி உள்ளது. வடை விரும்பினால் ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

முழுச் சாப்பாட்டில் பொரியலையும் கூட்டையும் முதலில் உண்ணுங்கள். காய் மறுமுறை கேட்பதில் கூச்சம் வேண்டாம். காய்க்குப் பின் உண்ணும் சோறு ரத்தச் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்துகிறது. சோறு ஒரு முறை போதும். சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றுக்கு அதையே பிரித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி என்றால் எத்தனையும் உண்ணலாம் என்ற எண்ணம் தவறு. கோதுமையும் சர்க்கரையை உயர்த்தும்; 2 போதும். பரோட்டாவில் மைதாவோடு எண்ணெயும் சேர்வதால் அதை அரிதாகவே, ஒன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரியாணியை இருவர் பகிர்ந்து, தயிர்ப் பச்சடியோடும் அவித்த முட்டையோடும் உண்ணலாம். பழச்சாறு, சர்க்கரை சேர்க்காவிட்டாலும், ரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். தாகத்துக்குத் தண்ணீரே சிறந்தது.

2020-ஆம் ஆண்டு வெளியான இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வோர் உணவின் கலோரி அளவையும் உணவுப் பட்டியலில் குறிப்பிட வேண்டும். அத்தகைய இடங்களில் விலையோடு அதையும் பாருங்கள்.

உப்பு: இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு

நீரிழிவோடு உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மிகப் பலர். பெரியவர்களுக்கு ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், உப்பிட்ட மோர் ஆகிய நான்கையும் விலக்கினாலே கணிசமான உப்பு குறைந்துவிடும். பரிமாறும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இலையில் இருந்தால் கை போகவே செய்யும்.

இதயச் செயலிழப்போ நாள்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்களின் உடலில் உப்பு நீரைத் தேக்கிவைக்கும். வெளியே உண்ட மறுநாள் காலையில் தவறாமல் எடை பாருங்கள். 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ, அடுத்த மருத்துவ ஆலோசனை நாள் வரை காத்திராமல் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். படுத்தால் மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். பொட்டாசியம் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் இளநீரையும் தவிர்க்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு

"இன்று ஒரு நாள்தானே" என்று வற்புறுத்துவதும், "உங்களுக்கு இது ஆகாது" என்று பலர் முன்னிலையில் தட்டைப் பறிப்பதும் நோயாளியை ஒரே அளவில் வருத்துகின்றன. அவருக்கு ஏற்ற ஒன்றிரண்டு உணவுகளை எல்லோருக்குமாக வரவழைத்துப் பகிர்ந்து உண்டால் தனிமை உணர்வு வராது.

அடுத்த முறை வரும்போது உங்கள் மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். அவற்றுள் எவை உணவு வந்த பிறகே போட வேண்டியவை என்பதைக் குறித்துத் தருகிறோம்.