காப்பைக் கழற்றும் முன்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மரம் கடைபவர்கள் பேனாவிலும் பூரிக்கட்டையிலும் பதிக்கும் ஒரு வேலைப்பாடு உண்டு. வெளிர்நிற மேப்பிள் மரத்தின் நடுவே கரும்பழுப்பு வால்நட் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கிடக்கும். அயர்லாந்தின் புகழ்பெற்ற பழங்காலக் கையெழுத்துச் சுவடியான கெல்ஸ் நூலில் காணும் பின்னல் கோலங்களின் சாயல் அதில் இருக்கும். பெயரும் 'கெல்டிக் முடிச்சு'தான். பார்ப்பவருக்கு இதை எப்படிச் செதுக்கினார்களோ என்று தோன்றும். உண்மையில் அதில் செதுக்கலே இல்லை. எல்லாம் ரம்பத்தின் வேலை.

சதுரக் கட்டையை 45 டிகிரி சாய்வில், அடியில் மெல்லிய பட்டை மட்டும் மிஞ்சும்படி அறுக்கிறார்கள். வெட்டின் அகலம் எவ்வளவோ அதே கனத்தில், பெரும்பாலும் 3 மில்லிமீட்டர், வேற்று மரத்தின் பட்டையைச் செருகிப் பசையிடுகிறார்கள். காய்ந்ததும் அடுத்த பக்கம் திருப்பி அதே இடத்தில் மறுபடி வெட்டு. நான்கு பக்கமும் முடிந்த கட்டையைக் கடைந்தால், சாய்ந்து நிற்கும் பட்டைகள் நீள்வட்டங்களாக வெளிப்பட்டு முடிச்சு விழும். நான்கு வெட்டும் மயிரிழை பிசகக் கூடாது. அதற்காகத்தான் வீட்டிலேயே ஒரு ஜிக் செய்துகொள்கிறார்கள்: மேசை ரம்பத்தின் பள்ளத்தில் சறுக்கி ஓடும் பலகை, அதன்மேல் 45 டிகிரியில் ஒரு தடுப்பு, கட்டையின் முனை வந்து முட்டி நிற்க ஒரு துண்டு மரம்.

இந்த ஜிக்கை ஓட்ட, பிளேடின் மேலிருக்கும் காப்பு மூடி பெரும்பாலும் இடைஞ்சல். கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான். பின்னால் சட்டம் கேட்கப்போகும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பற்கள் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், 2017இல் மட்டும் மேசை ரம்பத்தின் பிளேடு பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த காயங்கள் சுமார் 26,500. தோல் பட்டதும் சுமார் 5 மில்லி விநாடியில் பிளேடை நிறுத்தும் நுட்பத்தை ஸ்டீபன் காஸ் 1999இல் உருவாக்கினார். அது பொருத்திய ரம்பத்தின் விலை சிறிய பட்டறைக்கு எட்டாதது.

நம்மூர் பட்டறையில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர், காப்பு செய்துவந்த வேலையை ஜிக்கே செய்யும்படி கட்ட வேண்டும். இதில் சமரசம் கூடாது. கட்டையைக் கையால் பிடிக்காமல், வெட்டின் இருபுறமும் கிளாம்பால் பலகையோடு இறுக்க வேண்டும். அடிப்பட்டை தவறி அறுந்துவிட்டால், தடுப்புத் துண்டுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கும் சிறு துண்டு முகத்தை நோக்கி எகிறும். இரண்டு பக்கமும் இறுக்கியிருந்தால் அது அசையாது. பலகையின் பின்விளிம்பில் பிளேடு வெளியே வரும் இடம்தான் கட்டைவிரலுக்கு எமன். அங்கே கனமான மரக்கட்டை ஒன்றை ஒட்டி, பலகை அதற்குமேல் போகாதபடி மேசையில் ஒரு தடையும் வைக்க வேண்டும். கையுறை கூடவே கூடாது. பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். பசை காயாத கட்டையைக் கடையக் கூடாது, சிதறிப் பறக்கும். தூசிக்கு முகமூடியும் அவசியம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் விரல் துண்டானால்? காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து 108ஐ அழைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் பட்டால் திசு கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

அடுத்தது உரிமை. அமெரிக்காவில், காப்பு பொருத்தப்படாத ரம்பத்தில் கையில் படுகாயம் அடைந்த தரைவேலைத் தொழிலாளி ஒருவருக்கு 2010இல் பாஸ்டன் நடுவர் குழு 15 லட்சம் டாலர் வழங்கியது. பாதுகாப்பான வடிவமைப்பு சாத்தியமாக இருந்தும் உற்பத்தியாளர் அதைச் செய்யவில்லை என்பது வாதம். இங்கே அவ்வளவு தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விபத்து நேரத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. குறையுள்ள ரம்பம் என்றால் 1915 என்ற உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. கெடு இரண்டு ஆண்டு.

கூலிக்கு வேலை செய்பவரின் நிலை வேறு. 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதமும், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதமும் இழப்பு என்று கணக்கிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கொடுக்கப்பட்ட காப்பைத் தெரிந்தே, வேண்டுமென்றே கழற்றியதால் காயம் என்றால் முதலாளி இழப்பீட்டை மறுக்கலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் இந்த விலக்கு செல்லாது. ஆனால் காப்பே இல்லாத மெஷினைக் கொடுத்தவரோ, கழற்றச் சொன்னவரோ இந்த விலக்கின் பின்னால் ஒளிய முடியாது. 'உன் கவனக்குறைவு' என்று சொல்லி ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிக்கப் பார்ப்பவர்களிடம் தொழிலாளி கையெழுத்துப் போடக் கூடாது. மெஷின் இருந்த நிலையைப் படம் எடுத்துவைக்க வேண்டும், மருத்துவச் சீட்டில் விபத்து நடந்த இடத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர் அதன் வழியே போக வேண்டும். சொந்தமாகத் தச்சுவேலை செய்பவர், அடிபடும் முன்பே தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவித்தொகைக்கு வழி இருக்கும்.