சிறுதானியம் நல்லது என்கிறோம், ஏன் வாங்குவதில்லை?

கம்பும் கேழ்வரகும் சாமையும் உடம்புக்கு நல்லவை, பூமிக்கும் நல்லவை. இதை இன்று மறுப்பார் இல்லை. இந்தியா முன்மொழிந்ததை ஏற்று 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. ஆனாலும் நம் மளிகைப் பட்டியலில் அரிசிதான் முதலில் நிற்கிறது. மக்களுக்கு அக்கறை இல்லாததால் அல்ல. தடைகள் கடையிலும் அடுப்படியிலும் இருக்கின்றன.

பூமிக்கு என்ன நன்மை?

நெல் வயலில் பெரும்பாலும் தண்ணீர் கட்டி நிறுத்துகிறோம். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட இது ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சிறுதானியங்கள் மானாவாரியிலேயே விளையும். தண்ணீர் தேங்கத் தேவையில்லை.

விலை ஏன் அதிகம்?

சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் உமி இறுக ஒட்டியிருக்கும். மணியும் மிகச் சிறியது. உமியை நீக்கத் தனி இயந்திரம் வேண்டும்; அத்தகைய ஆலைகள் குறைவு. கொல்லிமலையில் பெண்கள் உரலில் குத்தித்தான் சாமையை அரிசியாக்கினார்கள். ரேஷன் அரிசி எளிதாகக் கிடைத்தபோது அந்தச் சிரமத்தை விட்டார்கள், சாகுபடியும் சுருங்கியது. தமிழக ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசிக்கு விலையே இல்லை. அதோடு எந்தத் தானியம் போட்டியிட முடியும்?

எங்கே தொடங்கலாம்?

கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் அந்த இறுகிய உமி கிடையாது. கல், தூசி நீக்கி மாவு மில்லில் கொடுத்தால் போதும். அதனால் விலையும் கட்டுப்படியாகும். இட்லி அரிசியில் கால் பங்கைக் குறைத்துக் கம்பு சேர்த்து அரைத்தால், பிள்ளைகளின் நாக்கும் மெல்லப் பழகும். கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும். அவ்வப்போது கொஞ்சமாக அரையுங்கள். சாமை வாங்கினால், வெளுக்கத் தீட்டியதைத் தவிருங்கள். தீட்டும்போது நார்ச்சத்து போய்விடும்.

வீட்டு முயற்சி மட்டும் போதாது. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. இதை மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கி, விளையும் ஊர்களிலேயே உமி நீக்கும் ஆலைகளை அமைக்க வேண்டும். நல்லது எதுவென்று மக்களுக்குத் தெரியும்; அதைக் கைக்கெட்டும் விலையில் தருவதே இனி ஆக வேண்டிய வேலை.