நகரி மூக்கு

நகரி மூக்கு என்பது கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான நகரி மலைகளில் உள்ள ஒரு முகடு ஆகும். இது ஆந்திரப் பிரதேசத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, நகரி, புத்தூர் ஆகிய ஊர்களுக்கு இடையில் அமைந்துள்ளது. இதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் ஆகும். சென்னைக்கு வரும் கப்பல்களுக்கு இம்முகடு நெடுங்காலம் அடையாளமாக விளங்கியது. இதன் தெற்கே ஓடும் ஆறு வடசென்னையின் எண்ணூரில் கடலில் கலக்கிறது.

பெயர்

சில திசைகளிலிருந்து பார்க்கும்போது, மல்லாந்து படுத்திருக்கும் மனிதனின் மூக்கைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. தெலுங்கில் இது முக்கு கொண்ட என அழைக்கப்படுகிறது. முக்கு என்பது மூக்கையும், கொண்ட என்பது மலையையும் குறிக்கும்.

நிலவியல்

முகட்டின் மேற்பகுதி குவார்ட்சைட்டு என்னும் கடினமான பாறையால் ஆனது. மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி இப்பாறையாக மாறுகிறது. எளிதில் தேயாததால் இது செங்குத்தான பாறைச் சுவர்களாக நிற்கிறது. இம்மலைகளின் பெயரால் 'நகரி குவார்ட்சைட்டு' என வழங்கும் பாறை அடுக்கு, மிகப் பழமையான கடப்பைப் பாறைத் தொகுதியைச் சேர்ந்ததாகும். இத்தொகுதியைப் பற்றிய வில்லியம் கிங் என்பவரின் விரிவான ஆய்வு 1872 இல் வெளிவந்தது.

பள்ளத்தாக்குகளும் ஊர்களும்

மலையின் தெற்கே உள்ள பள்ளத்தாக்கில் நகரி, ஏகாம்பரகுப்பம் ஆகிய ஊர்கள் உள்ளன. நெசவு இங்கு முக்கியத் தொழிலாகும். வடக்கே புத்தூர், நாராயணவனம் ஆகியனவும், கைலாசகோனா அருவியும் உள்ளன. கிழக்கே உள்ள நாகலாபுரத்தின் வேதநாராயணர் கோயில் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயருடன் தொடர்புடையது. அரக்கோணம் - ரேணிகுண்டா தொடருந்துப் பாதை மலையின் மேற்குப் பக்கமாகச் செல்கிறது.

இப்பகுதியில் தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளும் பேசப்படுகின்றன. 1953 இல் ஆந்திர மாநிலம் உருவானபோது இப்பகுதி முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நீடித்தன.

கடலோடிகளின் அடையாளம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகத்தின் பணி 1875 இல் தொடங்கும் வரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. இக்கடற்கரை தாழ்ந்த சமவெளியாக இருப்பதால், தொலைவிலிருந்து வரும் மாலுமிகளால் கரையை இனங்காண்பது கடினம். எனவே உள்நாட்டில் உயர்ந்து நிற்கும் இம்முகடு அவர்களுக்கு உதவியது.

ஒரு மலை எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும் என்பதைப் புவியின் வளைவைக் கொண்டு கணக்கிடலாம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 850 மீட்டர் உயரத்துக்கு இது ஏறத்தாழ 104 கிலோமீட்டர் ஆகும். எண்ணூர்க் கடற்கரையிலிருந்து முகடு நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே வானம் தெளிவாக இருந்தால், கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் இருப்பவர்களுக்கும் அதன் உச்சி தெரியக்கூடும். ஏறத்தாழ 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலைக்கு இவ்வாறு கிடைக்கும் தொலைவு 34 கிலோமீட்டர் மட்டுமே.

ஆறுகளும் வடசென்னையும்

மலையின் வடக்கிலும் கிழக்கிலும் விழும் மழைநீர் ஆரணியாற்றின் வழியாகப் பழவேற்காட்டை அடைகிறது. தெற்கில் விழும் நீர், ஆந்திரத்தில் குசஸ்தலி எனவும் தமிழ்நாட்டில் நகரியாறு, கொசஸ்தலையாறு எனவும் அழைக்கப்படும் ஆற்றில் சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட இந்நீர்த்தேக்கம் சென்னையின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும்.

பூண்டி நிரம்பினால் உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து மணலி புதுநகர், சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குச் செல்கிறது. 2021 நவம்பரில் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது இவ்விரு பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. நகரிப் பள்ளத்தாக்கில் பெய்யும் கனமழை, உள்ளூரில் மழை ஓய்ந்த பின்னரும் வடசென்னையின் தாழ்வான குடியிருப்புகளைப் பாதிக்க இதுவே காரணமாகும்.

நீரின் பங்கீடும் இரு மாநிலங்களுக்கு இடையிலான சிக்கலாக உள்ளது. கதரபள்ளி, முக்களகண்டிகை ஆகிய ஊர்களுக்கு அருகே இந்த ஆற்றில் இரு நீர்த்தேக்கங்களைக் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டது. இதனால் சென்னையின் குடிநீரும் பாசனமும் பாதிக்கப்படும் எனக் கூறி, இதைக் கைவிடுமாறு தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 ஆகத்தில் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

இவற்றையும் பார்க்க

கொசஸ்தலை ஆறு
ஆரணி ஆறு
பூண்டி நீர்த்தேக்கம்
எண்ணூர்