நடுப்பாட்டில் நின்ற கிராமபோன்: கோப்பாயில் ஒரு பிறேக் திருத்தம்

கோப்பாயில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மூடியின் உட்புறத்தில் நாய்ப் படம் ஒட்டிய கறுப்புக் கிராமபோன் பெட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கார அம்மா அதை "ஐயாவின் பெட்டி" என்றுதான் சொல்வார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது, இவர்கள் கோப்பாய் - கைதடி வீதியால் தென்மராட்சிக்குப் போனார்கள். சைக்கிளில் அரிசியும் உடுப்பும்தான் ஏறின. பெட்டி பரணிலேயே நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவு இல்லை, யன்னல் இல்லை, கூரையில் பாதி ஓடு இல்லை. பெட்டி மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பெட்டியோடு ஆறு றெக்கோட்டுகள் தப்பின. பாகவதரின் ஒன்று, சுந்தராம்பாளின் ஒன்று, மற்றவை நாதஸ்வரம். ஒன்று இரண்டாகப் பிளந்துவிட்டது.

அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளை சாவி கொடுத்துப் பாட்டுப் போட்டிருக்கிறான். அரைப்பாட்டில் சுழல்தட்டு தானாக நின்றுவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதை. காணொளி ஒன்றைப் பார்த்து எல்லா மூட்டுக்கும் எண்ணெய் விட்டான். அதன் பிறகு பாட்டு முடிந்தாலும் தட்டு நிற்கவில்லை. "முதல்ல அவசரப்பட்டு நிண்டுது, இப்ப நிக்கவே மாட்டன் எண்டுது" என்றார் அம்மா. இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

கிராமபோனின் இயந்திரம் பெரிய சுருள்வில் ஒன்றால் ஓடுகிறது. சாவி கொடுத்தால் வில் இறுகும். அதன் பலம் பற்சக்கரங்கள் வழியாகச் சுழல்தட்டுக்குப் போகும். கவர்னர் எனப்படும் சிறிய எடைக்குண்டுகள் வேகத்தை நிமிடத்துக்கு 78 சுற்றில் பிடித்து வைக்கும். பிறேக்குக்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தமில்லை. தோலோ கம்பளித் துணியோ ஒட்டிய சிறு கட்டை ஒன்று சுழல்தட்டின் விளிம்பில் போய் உரசி நிறுத்துவதுதான் பிறேக். சைக்கிள் பிறேக் மாதிரியே.

அந்தக் கட்டை எப்போது உரசவேண்டும் என்பதை இயந்திரம் எப்படி அறியும்? மின்சாரமும் இல்லை, வேறு எந்த உணரியும் இல்லை. பாட்டு ஓடும்போது றெக்கோட்டின் வரிகள் மிக நெருக்கமாக இருக்கும். ஒரு அங்குலத்துக்குள் கிட்டத்தட்ட நூறு. அதாவது ஒரு சுற்றில் ஊசி உள்ளே நகர்வது ஏறத்தாழ கால் மில்லிமீற்றர்தான். பாட்டு முடிந்ததும் வரும் கடைசி வரி அகலமாகச் சுருண்டு உள்ளே ஓடும். அங்கே ஊசி ஒரே சுற்றில் பல மில்லிமீற்றர் பாய்ந்துவிடும். பிறேக் கண்டுகொள்வது இந்தப் பாய்ச்சலைத்தான்.

ஊசி பொருத்திய கையின் அடியில் மெல்லிய நெம்பு ஒன்று உண்டு. அது கையோடு இறுக்கமாகப் பூட்டப்படவில்லை, உராய்வால் மட்டும் ஒட்டிக்கொண்டு நகரும். சுழல்தட்டின் அடியில் சிறு முனை ஒன்று இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முனை வந்து நெம்பை மெதுவாகத் தட்டிப் பின்னே தள்ளும். கை கால் மில்லிமீற்றர் நகர்ந்தால் நெம்பும் அவ்வளவே முன்னே வரும். முனை அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். கை பாய்ந்தால் நெம்பு முனையின் பாதைக்குள் ஆழமாகப் போய் மாட்டும். முனை அதை இழுக்கும், கொக்கி விடுபடும், கட்டை தட்டில் உரசும். பெட்டிக்குப் பெட்டி உருவம் மாறும். வேறு வகைப் பிறேக்குகளும் உண்டு. ஆனால் இந்த வகையின் அடிப்படை இதுதான்.

ஆகவே எல்லாம் அந்த உராய்வு மூட்டில் இருக்கிறது. அது பிசினாகி இறுகினால் முனையால் நெம்பை மெதுவாகத் தள்ள முடியாது. பாட்டின் நடுவிலேயே மாட்டி நின்றுவிடும். அதற்கு எண்ணெய் விட்டால் மூட்டு வழுக்கும், கை போனாலும் நெம்பு கூடப் போகாது. பிறகு பிறேக் விழவே விழாது.

அயலில் முன்னர் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்தோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத 90களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ சுற்றி ஊருக்கு றேடியோ செய்தி கேட்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். மூட்டைப் பார்த்தவுடன் மணந்து பார்த்தார். "நல்லெண்ணெய்" என்றார். தடைக்காலத்தில் மெசின் எண்ணெய் கிடைக்காதபோது யாரோ விட்டது. நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் மெல்ல மெல்லப் பிசினாகும். அதன் மேல் கூரையில்லாக் காலத்துத் தூசி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அது அப்படியே இறுகியிருந்தது. பேரப்பிள்ளை விட்ட புது எண்ணெய் அதைக் கரைத்து, வழுக்கும் சேறாக்கியிருந்தது.

வேலையைத் தொடங்கமுன் சுருள்வில்லை முழுவதும் ஓடித் தளரவிட்டோம். இதை வலியுறுத்திச் சொல்லவேண்டும்: இறுகிய வில் உள்ள இயந்திரத்தைக் கழற்றினால் விரல் போகும். வில் அடங்கிய உருளையைத் திறக்கவே வேண்டாம். பிறேக்குக்கு அது தேவையுமில்லை. சுழல்தட்டை நேராக மேலே தூக்கினால் பிறேக் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கழற்றமுன் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம்.

பழைய பல் துலக்கும் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தார். பிசின் போனதும் பருத்தித் துணியால் உலரத் துடைத்தார். நெம்பு சுற்றும் ஆணியில் மட்டும் ஊசி நுனியால் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். உராய்வு மூட்டுக்கு ஒன்றுமே இல்லை. கட்டையில் இருந்த தோல் எண்ணெய் குடித்து மினுங்கியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய தோல் செருப்பிலிருந்து மெல்லிய துண்டு வெட்டி ஒட்டினார். கையின் அடிப்பாகத்தில் உள்ள வார்ப்பு உலோகத்தை அவர் தொடவிடவில்லை. அக்காலத்துத் துத்தநாகக் கலவை வயது போகப்போக வீங்கி வெடிக்கும், திருகாணியைப் பலமாகத் திருப்பினால் உடைந்துவிடும். உடைந்தால் மாற்று இல்லை.

பிளந்த றெக்கோட்டை ஓட்டிப் பார்க்கலாமா என்று பையன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் றெக்கோட் சரியாக ஓடி, சரியாக நின்றது. இரண்டாவது முடிந்தும் தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பையன் மறுபடி எண்ணெய்ப் போத்தலை எடுக்கப் பார்த்தான். றெக்கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது காரணம் விளங்கியது: அதில் கடைசிப் பாய்ச்சல் வரி இல்லவே இல்லை. 1920களுக்கு முன் வந்த றெக்கோட்டுகள் பலவற்றில் அது கிடையாது. பிறேக்கில் பிழை இல்லை. அந்த மாதிரி றெக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசி நடுத்தாளில் ஏறிப் பெயர் அச்சைக் கிழித்துவிடும்.

இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒருமுறைதான் பாவிக்கலாம். தேய்ந்த ஊசி உளி மாதிரி வரிகளைச் செதுக்கும். புது ஊசியானாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்மானம்தான். அதனால் அந்த வீட்டில் முடிவெடுத்தது இதுதான்: ஐந்து றெக்கோட்டையும் ஒருமுறை ஒலிப்பதிவு செய்வது, பிறகு நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் பெட்டியில் போடுவது. நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்கள் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கின்றன. 1981இல் யாழ் நூலகத்தோடு என்னென்ன எரிந்தது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு பிரதியை வேறிடத்தில் வைப்பதன் அருமை தெரியும்.

அன்று பின்னேரம் அம்மா ஒரு நாதஸ்வர றெக்கோட்டைப் போடச் சொன்னார். மூன்று நிமிடமும் கதிரையில் அசையாமல் இருந்தார். கட்டை தட்டில் உரசும் சிறு சத்தம் கேட்டது. "ஐயா எழும்பி நிப்பாட்டப் போகேக்கையும் இந்தச் சத்தம்தான் கேக்கும்" என்றார். பிறகு தேத்தண்ணி போட உள்ளே போனார்.