கொடுத்தால் வாழும் பூச்செடிகள்

நாம் பணிபுரியும் ஊர்களில் பூச்செடி பெரும்பாலும் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து வீட்டுக்குத்தான் வருகிறது. "அக்கா, உங்க வீட்டு அடுக்குச் செம்பருத்தியில ஒரு குச்சி குடுங்க" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. குச்சியை ஒடித்துக் கொடுக்கும்போதே வளர்க்கும் முறையையும் சொல்லி அனுப்புவார்கள். "இலையை எல்லாம் கிள்ளிடு. நிழல்ல வை. தண்ணி தேங்க விடாதே. துளிர் வர்ற வரைக்கும் ஆட்டிப் பார்க்காதே."

இந்த நான்கு வாக்கியங்களுக்குள் உடல இனப்பெருக்கம் என்ற பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவர் தமக்கு அறிவியல் தெரியும் என்று நினைப்பதில்லை. அவர் வீட்டுக் குழந்தையும் அப்படி நினைப்பதில்லை. வகுப்பில் நாம் 'போத்து நடுதல்', 'பதியம் போடுதல்' என்று கரும்பலகையில் எழுதும்போது, அவை தம் வீட்டு வாசலில் நடப்பவைதாம் என்று பல மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, வீட்டுத் தோட்டக்காரர்கள் செடியையும் அனுபவத்தையும் பகிரும் வழக்கத்தையே சில ஆண்டுகளாக என் அறிவியல் வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். அதற்கான காரணத்தையும் வழிமுறையையும் இங்கே விளக்குகிறேன்.

விதை வைக்காத பூக்கள்

"செடி எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டால் எந்த வகுப்பிலும் முதலில் வரும் விடை "விதையிலிருந்து" என்பதுதான். "உங்கள் வீட்டு மல்லிகையின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று அடுத்துக் கேளுங்கள். வகுப்பு யோசிக்கத் தொடங்கும்.

நம் வீடுகளில் மல்லிகை பொதுவாக விதை தருவதில்லை. அடுக்கு நந்தியாவட்டையும் அப்படித்தான். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிடுவதால்தான் பூ அடுக்காகத் தெரிகிறது. ஒற்றைச் செம்பருத்தியையும் அடுக்குச் செம்பருத்தியையும் அருகருகே பிரித்துப் பார்த்தால் மாணவர்களே இதைக் கண்டுபிடிப்பார்கள். 'டெல்லி கனகாம்பரம்' என்று நாம் அழைக்கும் வகை மும்மயத் தாவரம். அதன் செல்களில் குரோமோசோம் தொகுதிகள் மூன்று இருப்பதால், குன்றல் பகுப்பின்போது அவை சமமாக இணைசேர முடிவதில்லை. விதை உருவாவதும் இல்லை. சாதாரணக் கனகாம்பரமோ விதை வைக்கும். அதன் காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் டப்பென்று வெடித்து விதைகள் சிதறும்.

விதை வைக்காத செடியைக் காற்றோ பறவையோ கொண்டு போய்ச் சேர்க்காது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குச்சியாகவோ பதியமாகவோ மனிதர் கொடுத்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். இத்தகைய செடிக்குப் பகிர்தலே இனப்பெருக்கம். இதுவே மாணவர் மனத்தில் பதிய வேண்டிய முதல் கருத்து.

சொற்களுக்குள் இருக்கும் அறிவியல்

குச்சி கொடுப்பவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை மாணவர்களே தேடிச் சொல்லுமாறு விடலாம்.

இலையைக் கிள்ளுவது ஏன்? நட்ட குச்சிக்கு வேர் இல்லை. நீரை உறிஞ்ச வழி குறைவு. இலைகள் இருந்தால் நீராவிப்போக்கு தொடரும், குச்சி வாடிவிடும். நிழலில் வைப்பதற்கும் இதுவே காரணம். மேல்நுனியில் சாணம் அப்புவது, வெட்டிய இடம் உலர்ந்துபோகாமல் காப்பதற்கு.

தண்ணீர் தேங்கக்கூடாது என்பது ஏன்? வேர் உண்டாகும் இடத்தில் செல்கள் விரைவாகப் பகுப்படைகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மண் சேறாகிவிட்டால் காற்று புகாது. பூஞ்சை பற்றி அடிப்பகுதி அழுகும்.

ஆட்டிப் பார்க்கக்கூடாது என்பது, புதிதாக வரும் வேற்றிட வேர்கள் மிக மெல்லியவை என்பதால். சிறு அசைவிலும் அவை அறுந்துவிடும்.

தலைகீழாக நடக்கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டின் நுனிப்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கியே செல்லும். அது சேரும் அடிமுனையில் வேர் தோன்றும். அதனால்தான் அனுபவசாலிகள் அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுகிறார்கள். குச்சிகள் கலந்துவிட்டாலும் எது கீழ், எது மேல் என்று தெரிந்துவிடும்.

மல்லிகைக்குப் பதியம் எளிது. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அருகே பட்டையை இலேசாகச் சீவி, அந்தப் பகுதியை மண்ணில் புதைத்து மேலே ஒரு கல் வைப்பார்கள். இலைகளிலிருந்து கீழிறங்கும் உணவும் ஆக்சினும் சீவிய இடத்தில் தேங்குவதால் அங்கே வேர் விடுகிறது. அதுவரை தாய்ச்செடி நீர் கொடுத்துக்கொண்டிருக்கும். சுமார் 3 மாதங்களில் தனியே வெட்டி எடுக்கலாம்.

வகுப்பில் செய்யும் முறை

ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடம் பேசி, ஒரு குச்சியும் ஒரு 'செடி அட்டை'யும் கொண்டுவர வேண்டும். அட்டையில் ஐந்தே கேள்விகள். செடியின் பெயர் என்ன? யாரிடமிருந்து அவர்களுக்கு வந்தது? எந்த மாதத்தில் நட்டார்கள்? எப்படி வளர்த்தார்கள்? ஒருமுறையாவது பட்டுப்போனதா, ஏன்?

கடைசிக் கேள்விதான் அதிகம் கற்றுத் தரும். "தெருவிளக்குக்கு நேர் கீழே வைத்த சாமந்தி மொட்டு வைக்கவில்லை" என்று ஓர் அட்டை வந்தது. சாமந்தி குறும்பகல் தாவரம். அது பூக்க நீண்ட, தடைபடாத இருள் வேண்டும். ஒளிக்காலத்துவம் என்ற கடினமான பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. "வாங்கும்போது பெரிய சிவப்பு ரோஜா, இப்போது வேறு சின்னப் பூ பூக்கிறது" என்றது இன்னோர் அட்டை. ஒட்டுப் பகுதிக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளைத்த துளிர் மேலோங்கிவிட்டால் இப்படி நேரும். ஒட்டுதலில் வேர்க்கட்டை, ஒட்டுத்தண்டு என்ற இரண்டையும் அன்றே விளக்கினேன்.

அட்டைகளில் முரண்பாடுகளும் வரும். ஒருவர் அரிசி கழுவிய நீர் ஊற்றச் சொல்வார். இன்னொருவர் டீத்தூள் சக்கையே போதும் என்பார். யார் சொல்வது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே செடியிலிருந்து எடுத்த 10 குச்சிகளை ஒவ்வொரு முறைக்கும் ஒதுக்கி, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றும் 10 குச்சிகளையும் ஒப்பீட்டுக்காக வைக்கட்டும். இலையுடன், இலையின்றி, கணுவுடன், கணுவின்றி என்றும் ஒப்பிடலாம். வாரந்தோறும் துளிர் விட்டவற்றை எண்ணி அட்டவணையாகவும் பட்டை வரைபடமாகவும் ஆக்கினால் கணிதப் பாடமும் உடன் வரும். அனுபவத்தை மதிப்பதும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை மாணவர்கள் இதில் உணர்கிறார்கள்.

நிலைக்கேற்ற பாடங்கள்

தொடக்கநிலையில் இதழ் எண்ணுதல், மணம், நிறம் ஆகியவையே போதும். பட்டு ரோஜா காலை வெயிலில் விரியும். அந்திமந்தாரை மாலையில் மலரும். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். இவற்றைக் கொண்டு குழந்தைகளோடு 'பூக்கடிகாரம்' வரையலாம். தமிழாசிரியர் உடனிருந்தால் சிறுபொழுதுகள் பாடமும் சேர்ந்துவிடும்.

நடுநிலையில் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து நிறங்காட்டியாகப் பயன்படுத்தலாம். எலுமிச்சைச் சாற்றில் அடர் இளஞ்சிவப்பாகவும், சோடா உப்புக் கரைசலில் பச்சையாகவும் அது மாறும். செண்டுப்பூவைப் பிரித்துப் பார்த்தால், ஒரே பூ என்று நினைத்தது பல சிறு பூக்களின் தொகுப்பு என்று தெரியும். காகிதப்பூவில் நிறமுள்ள பகுதி இதழன்று, பூவடிச்செதில். உண்மையான பூ உள்ளே சிறியதாக இருக்கிறது.

மேல்நிலையில் அந்திமந்தாரையே போதும். சிவப்பும் வெள்ளையும் கலந்தால் முதல் தலைமுறையில் இளஞ்சிவப்பு வருவது முழுமையற்ற ஓங்குதன்மை. இலைகளில் பச்சையும் வெள்ளையும் கலந்த அந்திமந்தாரையைக் கொண்டு, இலை நிறம் தாய்ச்செடி வழியாகவே கடத்தப்படுகிறது என்று 1909-இல் கார்ல் காரன்ஸ் காட்டினார். பாடநூலில் வரும் அந்தத் தாவரம் நம் மாணவர் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்து நிற்கிறது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கவனிக்க வேண்டியவை

அரளி, ஊமத்தை ஆகியவற்றின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. அவற்றை மாணவர்கள் கையாள வேண்டாம். பெயரையும் ஆபத்தையும் மட்டும் கற்பிக்கலாம். பால் வடியும் செடிகளைத் தொட்டபின் கை கழுவச் செய்யுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். கேட்காமல் பிறர் வீட்டுச் செடியை ஒடிக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எல்லாக் குழந்தைகளின் வீட்டிலும் வாசலும் மண்ணும் இருக்காது. வாடகை வீட்டுக் குழந்தைக்கு ஓட்டை வாளியோ உடைந்த குடமோ போதும். அதற்கும் இடமில்லாதவருக்குப் பள்ளியிலேயே ஒரு தொட்டியை அவர் பெயரில் ஒதுக்குவோம். கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று எந்தக் குழந்தையும் ஒதுங்கி நிற்கக்கூடாது. வேர்விட்ட பிறகு அந்தத் தொட்டியிலிருந்து குச்சி கொடுப்பவரும் அவரே.

ஓர் அடுக்குமல்லி திரும்பி வந்த கதை

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி தன் அப்பத்தா பதியம் போட்டுக் கொடுத்த அடுக்குமல்லியை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். அது அப்பத்தா தம் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட செடியின் வழி வந்தது. வகுப்புத் தோழன் ஒருவன் அதை வாங்கிச் சென்று வளர்த்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து மாணவியின் வீட்டை இடித்துக் கட்டியபோது முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளமாகி, தாய்ச்செடி போய்விட்டது. அந்தச் செடிக்கு விதையும் இல்லை. செய்தி தெரிந்ததும் தோழன் வீட்டிலிருந்து ஒரு பதியம் திரும்பி வந்தது. அதை வாங்கிக்கொள்ள அப்பத்தாவே பள்ளிக்கு வந்தார்.

"டீச்சரம்மா, குடுத்து வச்சதுதான் மிஞ்சுச்சு" என்றார். அன்று பதியம் போடும் முறையை எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டியவரும் அவர்தான். தன் அப்பத்தா வகுப்பின் முன் நின்று பாடம் நடத்தியதை அந்த மாணவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றங்கள் குறைந்துவரும் காலம் இது. செடிகளோடு அவற்றை வளர்த்தவர்களின் அறிவும் எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பின் செடி அட்டைகளைத் தைத்து ஒரு கையேடாக்கிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். மழை தொடங்கும் பருவம் குச்சி நடுவதற்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அட்டைகளைக் கொடுத்துவிட்டால், அரையாண்டுத் தேர்வுக்குள் துளிரைப் பார்த்துவிடலாம்.