பதினெட்டு நாள் குடித்தனம்

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் முதலில் எழும் கேள்வி: திரும்பி வருவீர்களா? ஐரோப்பாவில் படிக்கும் மனைவியைப் பார்க்கப் போன ஒரு புனே கணவரின் அனுபவம்.

புனேயில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கும் அந்த 36 வயதுக்காரரின் அலமாரியில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. ஆறு மாத வங்கிக் கணக்கு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, மேலாளர் கையெழுத்திட்ட விடுப்புக் கடிதம், அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தின் நகல், 30 ஆயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, மனைவி எழுதிய அழைப்புக் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவசர அவசரமாகப் பதிவு செய்து வாங்கிய திருமணச் சான்றிதழ். "மண்டபத்துக்கு வந்த 800 பேருக்கும் நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று தெரியும். சர்க்கார் காகிதத்தில்தான் இல்லை" என்று சிரிக்கிறார். விசா விவகாரமாயிற்றே, பெயர் வேண்டாம் என்கிறார்.

அவர் மனைவி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உயிரியல் முதுகலை படிக்கிறார். புனேயில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர், 2024 அக்டோபரில் போனார். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டவரில் இப்போது இந்தியர்கள்தான் முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டப்படிப்பு முடித்த கையோடு போகும் பையன்களும் பெண்களும்தான் அதிகம் என்றாலும், வேலையையும் குடும்பத்தையும் ஒத்திவைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர் மனைவியாக இருந்து, வீட்டில் இருப்பவர் கணவராக இருந்தால் அக்கம்பக்கத்தில் கேள்விகள் கூடுதல். "எப்போது திரும்பி வருகிறாள்?" என்பது அவற்றில் மரியாதையானது.

இதில் புனேக்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. மானுடவியல் அறிஞர் ஐராவதி கார்வே 1920களின் இறுதியில் முனைவர் பட்டத்துக்காகத் தனியே பெர்லின் போனார். பெண்களுக்கென 1916இல் பல்கலைக்கழகமே நிறுவிய அவருடைய மாமனார் தோண்டோ கேசவ கார்வேக்கு அதில் சம்மதமில்லை. ஊர்ப் பெண்களைப் படிக்க வைப்பது வேறு, சொந்த மருமகளைக் கப்பலேற்றுவது வேறு போலும். வேதியியல் பேராசிரியரான கணவர் தினகர் கார்வேதான் துணை நின்றார். ஐராவதி பட்டத்தோடு திரும்பினார். பின்னாளில் 'யுகாந்தா' நூலுக்காக 1968இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். நம் புனேக்காரர் இந்தக் கதையைத் தன் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மா அசரவில்லை.

ஐராவதியின் காலத்தில் கடலைக் கடக்கப் பல வாரம். இன்று மும்பையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு விமானத்தில் சுமார் 9 மணி நேரம்தான். ஆனால் அந்த விமானத்தில் ஏற அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று.

லக்சம்பர்க் நாட்டில் மோசெல் நதிக்கரையில் உள்ள ஷெங்கன் என்ற குக்கிராமத்தின் பெயரால் 1985இல் கையெழுத்தான ஒப்பந்தம், இன்று 29 நாடுகளை ஒரே விசாவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. அவருடைய முதல் விண்ணப்பம் 2025 ஜூலையில் திரும்பி வந்தது. அச்சடித்த தாளில், காரணங்களின் பட்டியலில் ஒரே ஒரு கட்டத்தில் குறி: விசாக் காலம் முடியும் முன் நாட்டை விட்டு வெளியேறுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. ஏறக்குறைய 9 ஆயிரம் ரூபாய் போனது பெரிதாகத் தெரியவில்லை. "என்னைப் பார்க்காமலே என் மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள்" என்பதுதான் உறுத்தியது.

உண்மையில் இந்தச் சந்தேகத்துக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. திரும்பி வருவேன் என்று நிரூபிக்க ஊரில் வேர் இருப்பதைக் காட்ட வேண்டும்: வேலை, வீடு, வயதான பெற்றோர், குழந்தைகள். மனைவியைப் பார்க்கப் போகிறவருக்கோ மிகப் பெரிய வேர் அங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் இடையில் உள்ள பிணைப்பை எவ்வளவு அழுத்திச் சொல்கிறாரோ அவ்வளவு சந்தேகம் வலுக்கும். முதல் முறை அவர் இணைத்த கடிதத்தில் மனைவியைப் பிரிந்து இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியிருந்தாராம். விவரம் தெரிந்த நண்பர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

முன்பெல்லாம் ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் கட்டணமில்லாமல் ஆட்சேபக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி உலகெங்கும் மூடப்பட்டது. இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அல்லது புதிதாக 90 யூரோ கட்டி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கஷ்டம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டார். வருடாந்தரத் தணிக்கைக்காக டிசம்பர் 22இல் தான் தொழிற்சாலையில் இருந்தே ஆக வேண்டும் என்று மேலாளரிடம் எழுதி வாங்கிச் சேர்த்தார். விசா கிடைத்தது.

குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்கான நீண்டகால விசாவும் இருக்கிறது. ஆனால் அதற்கு இருவருக்கும் போதிய வருமானமும் இருப்பிடமும் காட்ட வேண்டும். பெரும்பாலும் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்விலும் தேற வேண்டும். மாணவி ஒருவர் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே முடக்கி வைத்து, மாதம் 992 யூரோவாக எடுத்துச் செலவழிக்கிற நிலையில் அது எட்டாக்கனி. காதலர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். அவர்களிடம் சான்றிதழே இல்லை. அழைப்புக் கடிதத்தில் 'நண்பர்' என்று எழுதிச் சமாளிக்கிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் அவர் பிராங்பர்ட்டில் இறங்கினார். பெட்டியில் கோடா மசாலா, அவல், வேர்க்கடலைச் சட்னிப் பொடி. ஐரோப்பாவுக்குள் பாலும் இறைச்சியும் அவற்றில் செய்த பண்டங்களும் கொண்டுபோக அனுமதியில்லை என்பதால், அம்மா கட்டிக் கொடுத்த நெய் பாட்டில் மும்பையில் சித்தப்பா வீட்டோடு நின்றுவிட்டது. எல்லையில், அந்த அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி முகத்தைப் படம் பிடித்தார்கள். எத்தனை நாள் என்றார் அதிகாரி. பதினெட்டு என்றார் இவர். வேறு கேள்வியில்லை.

ரயிலில் இரண்டு மணி நேரம். கோட்டிங்கன் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள். 1737இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர் அது. காஸும் மாக்ஸ் பார்னும் பாடம் நடத்திய இடம். மனைவியின் குடித்தனம் ஒரே அறை. சமையலறையும் குளியலறையும் வேறு மூன்று பேரோடு பொது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டு மட்டும் இவர்களுக்கு. கட்டில் ஒருவர் படுக்கத்தான். முதல் நாள் கடுகு தாளித்ததில் புகை எச்சரிக்கைக் கருவி அலற, அடுத்த அறை மாணவர் துண்டோடு ஓடி வந்தார். அதற்குப் பிறகு தாளிப்பதென்றால் முதலில் ஜன்னல் திறக்கப்பட்டது, வெளியே பூஜ்யம் டிகிரியாக இருந்தாலும்.

மனைவிக்கு வகுப்பு, பரிசோதனைக் கூடம், வாரத்தில் மூன்று மாலை பகுதிநேர வேலை. இவருக்குப் பகல் முழுவதும் ஓய்வு. நாலேகாலுக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. பழைய கோட்டை மதில் மேல் ஊரைச் சுற்றி ஓடும் நடைபாதையில் தினமும் ஒரு சுற்று நடந்தார். குப்பையைப் பிரித்துப் போடவும், காலி பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் போட்டு ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வாங்கவும் கற்றுக்கொண்டார். பருப்பு வைத்து, சப்பாத்தி இட்டு, ஏழு மணிக்குக் காத்திருந்தார். "ஏழு வருடம் அவள் எனக்காகச் செய்ததை நான் பதினெட்டு நாள் செய்தேன். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நானேதான் கணக்குப் பார்த்தேன்."

அவர் கண்ணில் பட்ட மாற்றங்கள் சின்னச் சின்னவை. மனைவி வேகமாக நடக்கிறார். நடு இரவில், ஒரு வண்டிகூட இல்லாத தெருவில் பச்சை விளக்குக்காக நிற்கிறார். தொலைபேசியில் ஜெர்மன் பேசும்போது குரல் கொஞ்சம் தாழ்கிறது. இவர் முன்னால் ஒருமுறை கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார். "அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை."

ஊர் நடுவே பழைய நகர மன்றத்தின் முன் நீரூற்று மேல் வாத்துக்காரப் பெண்ணின் சிலை நிற்கிறது, 1901இல் வைத்தது. முனைவர் பட்டம் பெற்றவர் ஏறி அவளை முத்தமிட வேண்டும் என்பது வழக்கம். 1926இல் நகர நிர்வாகம் தடை போட்டுப் பார்த்தது. மாணவர்கள் சட்டை செய்யவில்லை. இவர்கள் கிறிஸ்துமஸ் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அலங்கரித்த தள்ளுவண்டியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து நண்பர்கள் இழுத்து வந்தார்கள். தலையில் அட்டைத் தொப்பி. ஏறினார், முத்தமிட்டார், பூங்கொத்தைச் சிலையின் கையில் செருகினார். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி மட்டும் தட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று இரவுதான் அந்தப் பேச்சு வந்தது. முதுகலை முடிந்ததும் முனைவர் ஆய்வுக்கு இருக்கும்படி பேராசிரியர் கேட்டிருக்கிறார். குறைந்தது மூன்று வருடம், சம்பளத்தோடு. மனைவி இதை ஒரு மாதமாகச் சொல்லவில்லை. "போனில் சொல்லியிருந்தால் நீங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்" என்றாராம். அவர் முகம் என்ன சொல்லிற்று என்பதை அவர் சொல்லவில்லை. தனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும், அப்பாவின் கண் அறுவை சிகிச்சை எப்போது, குழந்தை என்று ஒன்று வேண்டுமா, எப்போது என்று விடியும்வரை பேசியிருக்கிறார்கள். பக்கத்து அறைக்குக் கேட்காதபடி, மெதுவாக. முடிவு எதுவும் எடுக்கவில்லை.

டிசம்பர் நடுவில், சொன்ன தேதியில் திரும்பிவிட்டார். பேராசிரியருக்குப் பதில் சொல்ல மனைவிக்கு மார்ச் வரை அவகாசம். ஜெர்மன் மொழி மாலை வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார் இவர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சலுகைப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து பலமுறை போய்வர இரண்டு வருட விசா கிடைக்க வாய்ப்புண்டு. அவருக்கு ஒன்று ஆயிற்று. திரும்பி வந்த விமானத்தின் இருக்கை அட்டையை எறிந்துவிடாமல், நீலக் கோப்பில் திருமணச் சான்றிதழுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.