உங்க சீட்டை உங்க ஃப்ரெண்டு பறிச்சிருவானா? ஒரு கட்-ஆஃப் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு, தெரேஸ்புரமோ பிரையன்ட் நகரோ, தூத்துக்குடியில எந்த வீட்டுக்குப் போனாலும் ரெண்டு கேள்வி காதுல விழும். "உனக்கு எவ்வளவு?" பதில் சொல்லி வாயை மூடுறதுக்குள்ள ரெண்டாவது: "அந்தப் பையனுக்கு எவ்வளவு?" அந்தப் பையன் வேற யாருமில்லை. உங்க பெஞ்சுல உட்கார்ந்து, உங்க கூடவே டியூஷனுக்கு வந்தவன்.

இந்த ஊர்ல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு. இப்போ பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக் குதிக்கிறதெல்லாம் கட்-ஆஃபுக்குத்தான். அதுல நோட்டை ஒளிச்சு வைக்கிறது, "நான் ஒண்ணுமே படிக்கலடா"ன்னு பொய் சொல்றது, சாய்ஸ் லிஸ்ட்டைக் கேட்டா பேச்சை மாத்துறது எல்லாமே நடக்குது. இதுல ஏதாவது லாபம் இருக்கா? உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டு, கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: கணிதம் 100 + இயற்பியல் 50 + வேதியியல் 50 = 200]

பொறியியலை எடுத்துக்குவோம். தமிழ்நாட்டுல 1984-ல இருந்து இதுக்கு நுழைவுத் தேர்வு இருந்துச்சு. 2007-ல அது ஒழிஞ்சுது. இப்போ பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கு மார்க்கை அப்படியே எடுப்பாங்க, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்குவாங்க. கணக்குல 95, இயற்பியல்ல 92, வேதியியல்ல 90 வாங்கினா 95, 46, 45. கட்-ஆஃப் 186.

2024 ரேங்க் லிஸ்ட்டுல ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தாங்க. 200-க்கு 200 வாங்கினவங்களே 65 பேர். இந்த 2 லட்சம் பேரையும் 200-ல இருந்து 80 வரைக்கும் சமமாப் பரப்பினா, ஒரு கட்-ஆஃப் மார்க்குக்கு 1,600 பேருக்கு மேல வரும். நிஜத்துல சமமா இருக்காது. உச்சியில ஆள் குறைவு, கீழே வர வர நெரிசல். ஆனா அளவு புரியுது இல்லையா?

இப்போ உங்க ரேங்க் 18,000-ன்னு வைங்க. உங்க ஃப்ரெண்டு உங்களுக்கு மேல இருக்கான். அவன் நாளைக்கே "எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம்"னு போயிட்டா உங்க ரேங்க் என்ன? 17,999. அவ்வளவுதான். ஒரு வருஷம் பூரா நோட்டை மறைச்சதுக்குக் கிடைக்கிற அதிகபட்ச பரிசு ஒரே ஒரு ரேங்க்.

இதை மறுபக்கமாப் பாருங்க. கணக்குப் பேப்பர் எழுத்துத் தேர்வு 90 மார்க்குக்கு. அதுல அஞ்சு மார்க் கேள்வி ஏழு, மொத்தம் 35. அணிகள் பாடத்துல காஸியன் நீக்கல் முறைக் கணக்கு ஒண்ணு வருது. உங்களுக்கு மூணாவது வரியில எப்பவும் மைனஸ் விட்டுப்போகுது. நீங்களே பத்துத் தடவை திருப்பிப் பார்த்தாலும் கண்ணுல படாது. பக்கத்துல இருக்கிறவன் "டே, இந்த நிரையைக் கழிக்கும்போது குறி மாறும்ல"ன்னு விரலை வெச்சா அங்கேயே மாட்டும். அந்த ஒரு கணக்கு முழுசா வந்தா அஞ்சு கட்-ஆஃப், ஆயிரக்கணக்குல ரேங்க். சொல்லிக்கொடுத்தவனுக்கும் நஷ்டமில்லை. வாய்விட்டு விளக்கும்போதுதான் தனக்கு எது அரைகுறையாத் தெரியும்னு அவனுக்கும் தெரியவரும்.

ஆக, மறைச்சா லாபம் ஒரு ரேங்க். சேர்ந்து படிச்சா லாபம் ஆயிரத்துல. மருத்துவத்துக்கான நீட்டும் மாநிலம் பூராவும் ஒரே வரிசைதான். அங்கே 720 மார்க், சரின்னா நாலு, தப்புன்னா மைனஸ் ஒண்ணு. ஒரு கேள்வியில அஞ்சு மார்க் மேலேயும் கீழேயும் ஆடும்.

அடுத்தது சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேணும்கிற காலேஜையும் துறையையும் வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. 2018-ல இருந்து கவுன்சிலிங் ஆன்லைன். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில ஒவ்வொருத்தரா எடுக்கும். உங்க முறை வரும்போது உங்க லிஸ்ட்டை மேல இருந்து கீழே பார்த்து, எது காலியா இருக்கோ அதைக் கொடுக்கும். அதனால உங்களுக்குக் கீழே ரேங்க் உள்ளவன் உங்க லிஸ்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டாலும் உங்க சீட்டைத் தொட முடியாது. மேல இருக்கிறவன் உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு சீட்டை எடுக்கலாம், உண்மைதான். ஆனா உங்களுக்கு மேல இருக்கிற மத்த ஆயிரக்கணக்கான பேரை என்ன செய்வீங்க? கூடவே இன்னொண்ணு: 31 சதவீதம்தான் பொதுப் பிரிவு, மீதி 69 இட ஒதுக்கீடு. உங்க ரெண்டு பேர் பிரிவும் வேற வேறன்னா, அந்த ஒதுக்கீட்டு இடங்கள்ல நீங்க மோதிக்கவே மாட்டீங்க.

லிஸ்ட்டுல எல்லாரும் பண்ற தப்பு ரெண்டு. "கிடைக்கிறதை முதல்ல போடுவோம்"னு பாதுகாப்பான காலேஜை மேல வைக்கிறது. வைக்காதீங்க. எது ரொம்பப் பிடிக்குதோ அதுதான் முதல்ல. கீழே போட்டதுக்கு எந்தக் குறைவும் வராது. ரெண்டாவது தப்பு, "ஒண்ணாவே படிப்போம் மக்கா"ன்னு ஃப்ரெண்டு லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிக்கிறது. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல அவனுக்குப் பிடிச்ச துறை உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்லை. லிஸ்ட் அவங்கவங்களுது. ஆனா லாக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சரிபாருங்க. காலேஜ் கோடு ஒரு இலக்கம் தப்பினா வேற ஊருக்குப் போயிரும்.

சரி, பக்கத்துல இருக்கிறவனே நிஜமாப் போட்டியா வர்ற இடம் இல்லவே இல்லையா? இருக்கு. வரிசை சின்னதா இருக்கிற இடமெல்லாம். வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, காமராஜ் கல்லூரி மாதிரி நம்ம ஊர்க் கல்லூரிகள்ல ஒரு துறைக்கு இடம் கொஞ்சம், கேட்கிறவங்கள்ல நிறையப் பேர் இந்த ஊர்தான். 1977-ல ஆரம்பிச்ச நம்ம மீன்வளக் கல்லூரியிலயும் சீட் கம்மி. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 2020-ல மருத்துவத்துலயும், அடுத்த வருஷம் பொறியியல்லயும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வரிசை இன்னும் குட்டை. அங்கே உங்க வகுப்புத் தோழி மேல வந்தா உங்களுக்கு வலிக்கும். பொறாமை வரலைன்னா அதுதான் ஆச்சரியம். ஆனா அங்கேயும் ஒருத்தரை ஒருத்தர் இழுத்து விடுறதுல சீட் அதிகமாகாது. விண்ணப்பக் கடைசித் தேதியை அவகிட்ட சொல்லாம விட்டா, அது போட்டி இல்லை, துரோகம்.

அப்போ இந்தப் பகையை எல்லாம் ஊதி விடுறது யாரு? பெரியவங்கதான். 2017 மே மாசம் தமிழக அரசு பிளஸ் டூ மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிக்கிறதையே நிறுத்துச்சு. பள்ளிக் கல்வி அமைச்சரா இருந்த செங்கோட்டையன் அறிவிச்சார். மாணவர்களுக்குள்ள தேவையில்லாத போட்டி வேண்டாம்னு காரணமும் சொன்னாங்க. ரேங்க் போச்சு, ஒப்பீடு போகலை. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு இடம் மாறிடுச்சு. ஜூலை 26 நம்ம ஊர் பனிமய மாதா கோயில்ல கொடியேறும், ஆகஸ்ட் 5 திருவிழா. கவுன்சிலிங் பேச்சும் பெரும்பாலும் அந்த நாட்கள்லதான் சூடு பிடிக்கும். கூட்டத்துல பார்க்கிற ஒவ்வொரு அத்தையும் கேப்பாங்க: "அவனுக்கு எங்க கெடைச்சிருக்கு? உனக்கு?" பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். "அவன் மார்க் என்ன?"ன்னு கேக்காதீங்க. "உனக்கு எந்தப் பாடம் புரியலை, அவன் சொல்லித் தருவானா?"ன்னு கேளுங்க.

கடைசியா ஒண்ணு. அலாட்மென்ட் வந்தப்புறம், கிடைச்சதை ஒத்துக்கிட்டு அப்வர்டு, அதாவது லிஸ்ட்டுல அதுக்கு மேல போட்ட சீட், கேட்கலாம். உங்களுக்கு மேல இருக்கிற ஃப்ரெண்டு மருத்துவம் கிடைச்சுப் போறான், இல்ல வேற காலேஜுக்கு மாறுறான்னு வைங்க. அவன் விட்ட சீட் கீழே நகரும். அது உங்களுக்கே கூட வரலாம். அவனுக்கு நல்லது நடந்தா உங்களுக்கு வழி திறக்கிற வரிசை இது. அதனால இன்னைக்கு சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்க. உங்களுக்கு வராத மூணு கணக்கை எழுதுங்க, அவனுக்கு வராத மூணைக் கேட்டு வாங்குங்க. ஆறையும் சேர்ந்து போட்டு முடிங்க.